அவிலா: மாட்ரிட்டிலிருந்து இருவராக ஒரே நாளில் போய்வர

ஸ்பெயினில் மதில் சூழ்ந்த பழைய ஊரான அவிலாவுக்கு நானும் என் மனைவியும் இரண்டு முறை போனோம். வேலை விஷயமாக நான் மாட்ரிட்டில் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, அவள் இரண்டு வாரம் வந்து இருந்தாள். முதல் முறை போனது ஜனவரி மாதத்து ஒரு திங்கட்கிழமை. மதில் மேல் ஏறும் வாசல் பூட்டியிருந்தது. சரி, சாப்பிட்டுவிட்டு ஊரைச் சுற்றலாம் என்று நினைத்தால், நாங்கள் உணவகம் தேடிப் போன நேரத்தில் அடுப்படிகளையெல்லாம் மூடிவிட்டார்கள். குளிரில் ஒரு ரொட்டியைப் பகிர்ந்து தின்றுவிட்டு நான்கரை மணி ரயிலில் திரும்பினோம். மூன்று நாள் கழித்து, வியாழக்கிழமை, மறுபடியும் போனோம். இந்த முறை எல்லாம் ஒழுங்காக அமைந்தது. எங்கள் வாழ்க்கையின் நல்ல நாட்களில் அதுவும் ஒன்று.

இரண்டு பயணத்துக்கும் ஊர் ஒன்றுதான், ரயிலும் ஒன்றுதான். கிழமையும், நேரமும், எந்தத் திசையிலிருந்து நடந்தோம் என்பதும்தான் வேறு. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. அவிலாவா, தொலேதோவா, செகோவியாவா? முதலில் ஒன்றை முடிவு செய்யுங்கள்

மாட்ரிட்டிலிருந்து ஒரு நாளில் போய்வரக்கூடிய பழைய ஊர்கள் இந்த மூன்று. மதில்தான் பார்க்க வேண்டும் என்றால் அவிலாவுக்குப் போங்கள். சுமார் இரண்டரை கிலோமீட்டர் சுற்றளவு, 87 கோபுரங்கள், 9 வாசல்கள். சுவர் ஓரிடத்திலும் அறுபடாமல் ஊரை முழுதாகச் சுற்றி நிற்கிறது, அதன் மேல் ஏறி நடக்கவும் முடிகிறது.

அவிலாவையும் செகோவியாவையும் ஒரே நாளில் சேர்த்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள். வரைபடத்தில் இரண்டும் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் இடையே நேரடி ரயில் கிடையாது. இரண்டையும் சேர்த்துக் காட்டும் சுற்றுலாப் பேருந்துகள் உண்டு. அவற்றில் போனால் அவிலாவில் கொஞ்ச நேரமே கிடைக்கும், சாயங்கால வெளிச்சம் வருவதற்குள் கிளப்பிவிடுவார்கள். அவிலாவில் பார்க்க வேண்டியதே அந்தச் சாயங்கால வெளிச்சத்தைத்தான்.

2. கிழமையும் மாதமும்

குளிர்கால மாதங்களில் திங்கட்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள். எங்களுக்கு ஒரு நாள் வீணானது அதனால்தான். மதிலுக்கென்று தனி இணையதளம் இருக்கிறது. கிளம்பும் முந்தின இரவு அதில் அன்றைய நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கோடையில் இரவு வரை திறந்திருக்கும், குளிர்காலத்தில் சீக்கிரம் அடைத்துவிடுவார்கள். ஞாயிறு காலையில் தேவாலயங்களில் பூசை நடக்கும், பார்வையாளர்களைத் தாமதமாகத்தான் விடுவார்கள். ஆக, செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாள் நல்லது.

அவிலா கடல்மட்டத்திலிருந்து 1,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஸ்பெயினின் மாகாணத் தலைநகரங்களில் இதுதான் மிக உயரமானது. மாட்ரிட்டில் ஒரு ஸ்வெட்டர் போதும் என்று தோன்றினால், அவிலாவுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். மதில் மேல் காற்று காதை அடைக்கும். காதை மூடும் குல்லாய் இல்லாமல் ஜனவரியில் போகாதீர்கள். ஜூலையிலும்கூட சாயங்காலத்துக்கு மெல்லிய மேல்சட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

எங்களைக் கேட்டால் ஏப்ரல் கடைசி, மே, செப்டம்பர் கடைசி ஆகியவைதான் சரியான காலம் என்போம். செப்டம்பர் தொடக்கத்தில் இடைக்காலச் சந்தை நடக்கும், அக்டோபர் 15 இந்த ஊரில் பிறந்த புனித தெரேசாவின் திருநாள். இரண்டும் அழகானவை, ஆனால் கூட்டம் நெருக்கும். அமைதியாக இருவரும் நடக்க வேண்டும் என்றால் அந்த நாட்களில் வேண்டாம்.

3. கையில் என்னென்ன காகிதம் வேண்டும்

ஸ்பெயினுக்குள் ஊர் விட்டு ஊர் போக எந்த அனுமதியும் வேண்டாம். ஷெங்கன் விசாவில் வந்தவர்களுக்கு அதுவே போதும். அந்த விசாவுக்குப் பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். இதெல்லாம் ஊரிலேயே முடித்திருப்பீர்கள்.

பாஸ்போர்ட்டை மட்டும் அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஸ்பெயினில் வெளிநாட்டினர் அடையாள ஆவணத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். ரயில் டிக்கெட் வாங்கும்போதே பெயரும் ஆவண எண்ணும் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லை, அப்பா பெயர்தான் இருக்கும். படிவத்தில் இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொன்னால், பாஸ்போர்ட்டில் எந்த வரியில் எது இருக்கிறதோ அதையே அப்படியே போடுங்கள். கணவன் பெயரை மனைவியின் குடும்பப் பெயராகப் புதிதாகச் சேர்க்க வேண்டாம்.

4. டிக்கெட்: போகவும் வரவும் சேர்த்தே வாங்குங்கள்

இதில் நாங்கள் மாட்டிக்கொண்ட இடங்கள் இரண்டு. முதலாவது ஓடிபி. இணையத்தில் நம்மூர் வங்கி அட்டையால் பணம் கட்டினால் ஓடிபி நம்மூர் எண்ணுக்குத்தான் வரும். அந்த சிம்மை நான் கழற்றி வைத்திருந்தேன். டிக்கெட் வாங்க முடியாமல் அரை மணி நேரம் போனது. ஊரிலிருந்து கிளம்பும் முன்பே சிம்முக்கு ரோமிங் போட்டுவிடுங்கள், குறுஞ்செய்தி வந்தால் போதும். அது முடியாவிட்டால் முந்தின நாள் நிலையத்துக்கு நேரில் போய்ப் பணமாகவே கொடுத்து வாங்கலாம். கவுண்டரில் "இதா இ வுவெல்தா" என்று சொல்லுங்கள், போகவரச் சேர்த்து என்று பொருள்.

இரண்டாவது, எந்த நிலையம் என்பது. மாட்ரிட்டில் பெரிய நிலையங்கள் பல. தொலேதோவுக்குப் போகிறவர்கள் அத்தோச்சா நிலையத்தில் ஏறுவார்கள், அதைக் கேட்டு நீங்களும் அங்கே போய்விடாதீர்கள். அவிலா ரயில்கள் சமார்த்தீன் அல்லது பிரின்சிபே பியோ நிலையத்திலிருந்து கிளம்பும். உங்கள் ரயில் எதிலிருந்து என்பது டிக்கெட்டில் இருக்கும். சமார்த்தீனின் முழுப்பெயர் 'மாட்ரிட் சமார்த்தீன் கிளாரா காம்போஅமோர்'. டிக்கெட்டில் இந்த நீளப் பெயரைப் பார்த்து இது வேறு ஏதோ நிலையம் என்று பயப்பட வேண்டாம், மெட்ரோ வரைபடத்தில் சமார்த்தீன் என்று இருப்பதுதான். அப்புறம், மாட்ரிட்டின் புறநகர் ரயில்கள் அவிலா வரை வராது. புறநகர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு இந்த ரயிலில் ஏற முடியாது.

பயணம் சுமார் ஒன்றரை மணி நேரம். எல் எஸ்கோரியாலைத் தாண்டியதும் பாறையும் ஓக் மரங்களுமாக மேட்டில் ஏறும், தூங்கிவிடாதீர்கள். பேருந்தும் உண்டு. தெற்குப் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும், இறங்க வேண்டிய மெட்ரோ மெந்தெஸ் ஆல்வாரோ. நேரம் ஏறக்குறைய ரயில் அளவுதான். ரயிலில் கழிவறை இருப்பதால் நாங்கள் ரயிலையே எடுத்தோம்.

காலை ஒன்பதரைக்குள் கிளம்புகிற வண்டியில் போங்கள். திரும்புவதற்கு, இருட்டி ஒரு மணி நேரம் கழித்துப் புறப்படுகிற வண்டியைத் தேடுங்கள். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் சுலபம். ஜூனில் இரவு ஒன்பதே முக்காலுக்குத்தான் மறையும். அப்போது கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்து, அதற்கு முந்தைய வண்டி எது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டியும் வரலாம். அன்றைக்குச் சாயங்கால வெயில் மட்டும் கிடைத்தாலும் போதும்.

5. செலவு

இருவருக்கும் சேர்த்து எங்களுக்கு ஆனது, முழு எண்ணில்: ரயில் போகவர 48 யூரோ, மதில், பேராலயம், சான் விசென்தே தேவாலயம் மூன்றுக்கும் நுழைவு 35, மதியச் சாப்பாடு 34, காப்பி, தண்ணீர், இனிப்பு எல்லாம் 15, டாக்சி 8. மொத்தம் 140 யூரோ. விலைகள் ஏறும், ஆகவே 160 எடுத்து வையுங்கள். மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்கள் இன்னும் 40 சேர்த்துக்கொள்ளுங்கள், காரணம் கீழே வருகிறது. ஐம்பது யூரோவாவது சில்லறையாக இருக்கட்டும்.

6. எந்தத் திசையில் நடப்பது

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். அவிலா கிழக்கில் உயர்ந்து மேற்கில் ஆற்றை நோக்கிச் சரிகிறது. ரயில் நிலையம் கிழக்கே, அதாவது மேட்டில். அதாஹா ஆறும், அதைத் தாண்டி குவாத்ரோ போஸ்தேஸ் என்ற பார்வைமேடும் மேற்கே, பள்ளத்தில். ஆகவே காலையில் கிழக்கில் தொடங்கி, ஊர் சரிகிற பக்கமாகவே இறங்கிப் போங்கள். சாயங்காலம் மேற்கே போய் முடியுங்கள். முதல் முறை நாங்கள் இது தெரியாமல் நேராக ஆற்றங்கரைக்கு இறங்கிவிட்டுப் பிறகு கல் பதித்த தெருவில் மூச்சு வாங்க ஏறினோம். என் மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, அன்று இரவு தைலம் தேய்த்துத்தான் படுத்தாள்.

வெளிச்சத்துக்கும் இதுதான் சரி. பார்வைமேடு மேற்கே இருப்பதால் அங்கிருந்து காலையில் பார்த்தால் சூரியன் நம் கண்ணுக்கு நேராக இருக்கும், மதில் கறுப்பாகத் தெரியும். சாயங்காலம் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் போய்விடும், கல் முழுக்கப் பொன்னிறமாகும்.

7. காலை: நிலையத்திலிருந்து பேராலயம் வரை

நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மதில் கண்ணில் படாது, சாதாரண அடுக்குமாடித் தெருதான் இருக்கும். ஏமாற வேண்டாம். மேற்கு நோக்கிப் பதினைந்து இருபது நிமிடம் நடந்தால் சான் விசென்தே தேவாலயம், அதற்கு எதிரே மதில். திடீரென்று எதிரில் வந்து நிற்கும். என் மனைவி அந்த இடத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அருகிலேயே பார்வையாளர் வரவேற்பு மையம் இருக்கிறது. அங்கே ஊர் வரைபடம் வாங்குங்கள், கழிவறைக்கும் போய்விடுங்கள். ஊருக்குள் பொதுக் கழிவறை தேடுவது சிரமம்.

சான் விசென்தேயைப் பார்த்துவிட்டுப் பேராலயத்துக்குப் போங்கள். வெளிப்பக்கம் பார்க்க மறக்காதீர்கள். பேராலயத்தின் பின்புறம் மதிலோடு ஒன்றாகவே கட்டப்பட்டு, ஒரு கொத்தளம் போல வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே பீடத்தைச் சுற்றிய பகுதியில் வெள்ளைக் கல்லில் இரத்தம் தெளித்தது போலச் சிவப்புத் திட்டுகள். சாயம் பூசியது இல்லை, அந்தக் கல்லின் நிறமே அதுதான். அங்கே அரை மணி நேரமாவது உட்காருங்கள்.

அங்கிருந்து தெரேசா மடம் பத்து நிமிடத்துக்குள். அவர் 1515-இல் பிறந்த வீடு இருந்த இடத்தில்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். நம்மூரில் சிலர் இவரைக் கல்கத்தா அன்னை தெரசாவோடு குழப்பிக்கொள்கிறார்கள். அன்னை தெரசா பெயரை எடுத்துக்கொண்டது பிரான்சின் லிசியே தெரேசாவிடமிருந்து, இவர் வேறு. நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் அவிலா தெரேசம்மாள் என்று சொல்வது இவரைத்தான்.

மடமும் சிறிய தேவாலயங்களும் மதியம் ஒன்றரை, இரண்டு மணிக்குப் பூட்டினால் நான்கு மணிக்குத்தான் திறக்கும். அதனால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியவற்றைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

8. மதியம்: இரண்டு மணிக்கு உட்கார்ந்துவிடுங்கள்

ஒன்றரை மணிக்கு முன் சாப்பாடு கிடைக்காது, நான்கு மணிக்குப் பின்னும் கிடைக்காது. பன்னிரண்டரைக்கே பசிக்கும் நம்மவர்கள் பதினொரு மணிக்கு ஒரு காப்பியும் உருளைக்கிழங்கு போட்ட முட்டை அடையும் சாப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'தோர்த்தியா' என்று கேட்டால் தருவார்கள்.

வார நாட்களில் 'மெனு தெல் தியா' என்று வாசலில் பலகை இருக்கும். முதல் உணவு, இரண்டாவது உணவு, இனிப்பு, ரொட்டி, ஒரு பானம் எல்லாம் ஒரே விலைக்கு. அதுதான் லாபம்.

சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். இந்த ஊரின் பேர்போன பீன்ஸ் 'ஹுதியாஸ்'. பெயரைக் கேட்டால் சைவம் போலிருக்கும், ஆனால் பன்றித் தொத்திறைச்சியைப் போட்டுத்தான் வேகவைப்பார்கள். 'பத்தாத்தாஸ் ரெவோல்கோனாஸ்' என்பது மிளகாய்த்தூள் போட்ட உருளைக்கிழங்கு மசியல், அதிலும் பன்றிக் கொழுப்பும் மேலே பொரித்த துண்டும் உண்டு. சாலட் என்று கேட்டால் சூரை மீனைத் தூவிக் கொண்டுவருவார்கள். 'கார்னே இல்லாமல்' என்றால் ஹாம் இருக்கலாம் என்று புரிந்துகொள்கிறவர்களும் உண்டு. ஆகவே முழுதாகச் சொல்லுங்கள்: "சின் கார்னே, சின் ஹமோன், சின் பெஸ்காதோ". இறைச்சி, ஹாம், மீன் எதுவும் வேண்டாம் என்று பொருள். ஒரு தாளில் ஸ்பானிய மொழியில் எழுதி வைத்துக் காட்டுவது இன்னும் நல்லது, நாங்கள் அப்படித்தான் செய்தோம். வறுத்த பச்சை மிளகாய், பாலாடைக்கட்டி, தக்காளி தேய்த்த ரொட்டி, முட்டை அடை இவற்றை வைத்து நிறைவாகச் சாப்பிடலாம்.

மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர்களுக்கு 'சுலெத்தோன்' என்ற பெரிய எலும்புக்கறி. விலை கிலோவுக்குப் போட்டிருக்கும், தட்டுக்கு இல்லை. ஒரு துண்டே ஒரு கிலோவுக்கு நெருக்கமாக வரும், இருவருக்கு ஒன்று போதும். ஆளுக்கொன்று சொல்லிவிடாதீர்கள். சும்மா விட்டால் உள்ளே சிவப்பாகவே வரும். நன்றாக வேக வேண்டுமென்றால் "முய் எச்சோ" என்று சொல்லுங்கள்.

9. பிற்பகல்: மதில் மேல்

ஏறுவதற்குப் பேராலயத்தின் அருகே உள்ள பழைய இறைச்சிக் கூடத்து வாசலைத் தேர்ந்தெடுங்கள், 'கார்னிசெரியாஸ்' என்று எழுதியிருக்கும். அல்காசர் வாசலிலும் ஏறலாம், ஆனால் அந்தத் துண்டு குட்டையானது. போன வழியே திரும்ப வேண்டும். டிக்கெட் இரண்டுக்கும் ஒன்றுதான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கால் வலி இல்லாதவர்கள் குட்டைத் துண்டை முதலில் முடித்துவிட்டு நீளத் துண்டுக்கு வரலாம். இரண்டும் சேர்ந்து சுமார் 1.7 கிலோமீட்டர். சுற்றளவு முழுவதும் நடக்க முடியாது.

நீளத் துண்டு வடக்குச் சுவர் வழியாக மேற்கே இறங்கிப் போகிறது. ஒவ்வொரு கோபுரத்துக்கும் ஏறி இறங்கப் படிகள் உண்டு, சில உயரமாகவும் குறுகலாகவும் இருக்கும். ரப்பர் அடி வைத்த காலணி போடுங்கள், மழை பெய்தால் கல் வழுக்கும். சேலை கட்டுகிறவர்களுக்கு அன்று ஒரு நாள் சுடிதார் வசதி. மேலே கடை கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். நிதானமாக நடந்தால் ஒன்றரை மணி நேரம். கடைசி நுழைவு மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே முடிந்துவிடும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கம் வீட்டுக் கொல்லைகள், துணி உலர்த்தும் கொடிகள், மடத்துத் தோட்டங்கள், நாரைக் கூடுகள். மறுபக்கம் வெறும் சமவெளியும் மலையும். பாதி வழியில் ஒரு கோபுரத்தில் காற்று மறைவாக உட்கார்ந்து, பையிலிருந்த ஆரஞ்சை உரித்துச் சாப்பிட்டோம்.

10. சாயங்காலம்: குவாத்ரோ போஸ்தேஸ்

மேற்கே பாலத்து வாசலில் இறங்கி, அதாஹா ஆற்றைக் கடந்து, சாலமான்கா போகும் சாலையோரம் கொஞ்சம் மேடேறினால் நான்கு தூண்கள் நிற்கும் மேடை வரும். குவாத்ரோ போஸ்தேஸ் என்றால் நான்கு தூண் என்றுதான் பொருள். வாசலிலிருந்து பதினைந்து நிமிட நடை. வண்டிகள் வேகமாக வரும் சாலை, நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். நுழைவுக் கட்டணம் இல்லை.

சூரியன் மறைய முக்கால் மணி நேரத்துக்கு முன் அங்கே இருங்கள். மதிலும் ஊரும் சேர்ந்து இங்கிருந்து ஒரே பார்வையில் தெரிகின்றன. வெயில் இறங்க இறங்க நிறம் மாறும். இருட்டியதும் விளக்குகளைப் போடுவார்கள். சுற்றுலாப் பேருந்துகள் படம் எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்விடும். அதற்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும்தான் இருந்தோம். அவள் சால்வையில் பாதியை என் தோளில் போட்டாள்.

11. நிலையத்துக்குத் திரும்புதல்

இங்கிருந்து ரயில் நிலையம் மூன்று கிலோமீட்டருக்கு மேல், அதுவும் ஏற்றம். இருட்டில், நாள் முழுக்க நடந்த காலோடு, நடக்க வேண்டாம். வழியில் கைகாட்டி நிறுத்த டாக்சி எளிதில் கிடைக்காது. காலையில் வரவேற்பு மையத்திலேயே டாக்சி நிலைய எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ரயிலுக்கு ஐம்பது நிமிடம் இருக்கும்போது கூப்பிடுங்கள். ஸ்பானியம் வராவிட்டால் "தாக்ஸி, குவாத்ரோ போஸ்தேஸ், எஸ்தாசியோன் தே த்ரென்" என்றால் போதும், வந்துவிடுவார்கள்.

ஊருக்கு வாங்கிப் போக 'யேமாஸ்' என்ற இனிப்பு உண்டு, முட்டை மஞ்சள்கருவும் சர்க்கரையும் சேர்த்து உருட்டியது. வீட்டில் முட்டை சாப்பிடாதவர்கள் இருந்தால் வாங்காதீர்கள். நாள்பட நிற்காது, பெட்டியில் தேதி பார்த்து வாங்குங்கள். காலையிலேயே வாங்கிவிடாமல், மதியச் சாப்பாடு முடிந்து மதில் ஏறும் முன் வாங்கினால் சுமையும் குறைவு. ஆனால் இனிப்புக் கடைகளில் சில இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை அடைத்திருக்கும், சாப்பிடப் போகிற வழியிலேயே கடை நேரத்தைப் பார்த்துவிடுங்கள்.